டிபக்கரை கோட் எழுதி ஓட்டுறது எப்படி: விஎஸ் கோட் எக்ஸ்டென்ஷன்ல இருந்து ஜிடிபி வரைக்கும்

கேட்ட கேள்வி இதுதான்: பைத்தான்ல ஒரு பில்லிங் ப்ரோக்ராம், அதுல ஒரு ஃபங்ஷன் ஒரே ரன்ல ஆயிரக்கணக்கான தடவை ஓடுது, எப்பவாவது ஒரு தடவை மட்டும் தொகை மைனஸ்ல போயிடுது, எஃப்5 அமுக்கி அமுக்கி அந்த ஒரு தடவையை பிடிக்க முடியல, அதனால விஎஸ் கோட் எடிட்டர்ல ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் (எடிட்டரோட ஒட்டி ஓடுற துணை ப்ரோக்ராம்) எழுதி டிபக்கரை (ப்ரோக்ராமை நடுவுல நிறுத்தி உள்ள பாக்க உதவுற கருவி) நாமளே ஓட்ட முடியுமா? முயற்சி பண்ணி பாத்ததுல ஸ்டெப் ஓவர் கமாண்டை (ஒரு வரி மட்டும் ஓட்டிட்டு நிக்கச் சொல்றது) வரிசையா நாலு தடவை கூப்பிட்டா ஒரு வரிதான் நகருது, சில சமயம் ரெண்டு, ஏன்?

முடியும், நல்லாவே முடியும். அந்த நாலு தடவை கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏன்னா இதை புரிஞ்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா வந்துடும். டிபக்கர்கிட்ட நீங்க "ஸ்டெப் பண்ணு"ன்னு சொன்னா அது "சரி, கேட்டுக்கிட்டேன்"ன்னு உடனே பதில் சொல்லிடும், ஆனா அந்த பதில் ஸ்டெப் முடிஞ்சதுக்கான பதில் இல்ல. ப்ரோக்ராம் அப்பதான் ஓட ஆரம்பிச்சிருக்கும், அது அடுத்த வரில போய் நின்னதுக்கப்புறம்தான் தனியா "நின்னுட்டேன்"ன்னு ஒரு ஈவென்ட் வரும். நீங்க அவெய்ட் போட்டு காத்திருந்தது முதல் பதிலுக்கு. ரெண்டாவது ஸ்டெப் போய் சேரும்போது ப்ரோக்ராம் ஓடிக்கிட்டு இருக்கும், ஓடுற ப்ரோக்ராமுக்கு ஸ்டெப் சொன்னா அந்த கமாண்ட் சத்தமில்லாம விழுந்துடும், எரர் கூட வராது. ஆக கட்டளை போடு, நின்ன செய்தி வர்ற வரைக்கும் காத்திரு, நின்னதுக்கும் மறுபடி ஓடுறதுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளில மட்டும் கேக்க வேண்டியதை கேளு. விஎஸ் கோட், விஷுவல் ஸ்டுடியோ, ஜிடிபி, எல்எல்டிபி (கடைசி ரெண்டும் சி, சி ப்ளஸ் ப்ளஸ் மாதிரி மொழிக்கான டிபக்கர்) எல்லாத்துக்கும் இதேதான், பேர்தான் மாறும்.

கோட் எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துடுங்க, உங்களுக்கு எக்ஸ்டென்ஷனே தேவைப்படாம போகலாம். பிரேக்பாயிண்ட் (இங்க வந்தா நில்லுன்னு ஒரு வரில வைக்கிற குறி) மேல ரைட் கிளிக் பண்ணி கண்டிஷன்ல தொகை சைபரை விட கம்மின்னு எழுதினா அந்த ஒரு தடவை மட்டும்தான் நிக்கும். ஹிட் கவுன்ட்னு ஒண்ணு இருக்கு, 500வது தடவை வரும்போது நில்லுன்னு சொல்லலாம். லாக்பாயிண்ட்னு ஒண்ணு 2018ல இருந்தே இருக்கு, நிக்காமலே மதிப்பை டிபக் கன்சோல்ல எழுதிட்டு போயிடும், சோர்ஸ்ல ப்ரிண்ட் போட்டு அப்புறம் எடுக்க மறக்குற பிரச்சினையே இல்ல. இந்த மூணுல பாதி பேருக்கு வேலை முடிஞ்சிடும். ஆனா "மைனஸ் ஆன அந்த நேரத்துல கூப்பிட்ட ஃபங்ஷன் எல்லாத்தோட லோக்கல் வேரியபிளையும் ஃபைல்ல எழுதணும், அதுக்கு முந்தின இருபது கால்ல என்ன இருந்துச்சுன்னும் வேணும், அதுக்கப்புறம் ஒரு குறிப்பிட்ட இடம் வரைக்கும் ஸ்டெப் பண்ணணும்" மாதிரி போகுதுன்னா அது கோட் எழுதுற வேலைதான்.

விஎஸ் கோட்ல என்ன நடக்குதுன்னு முதல்ல சொல்லிடறேன். எடிட்டருக்கு பைத்தானும் தெரியாது, சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் தெரியாது. அதுக்கும் நிஜ டிபக்கருக்கும் நடுவுல டிபக் அடாப்டர்னு ஒரு ப்ரோக்ராம் உக்காந்திருக்கும், பைத்தானுக்கு டிபக்பை, கோ மொழிக்கு டெல்வ், இப்படி. எடிட்டரும் அடாப்டரும் பேசிக்கிற மொழிதான் டிபக் அடாப்டர் ப்ரோட்டோகால், சுருக்கமா டிஏபி. எல்லாமே ஜேசன்ல (டேட்டாவை எழுத்தா எழுதுற ஒரு வடிவம்) போற மெசேஜ், மூணே வகை: ரிக்வெஸ்ட், அதுக்கு ரெஸ்பான்ஸ், அப்புறம் ஈவென்ட். ரிக்வெஸ்ட் ஒவ்வொண்ணுக்கும் வரிசை நம்பர் இருக்கும், ரெஸ்பான்ஸ்ல எந்த ரிக்வெஸ்டுக்கு பதில்னு அந்த நம்பர் திரும்பி வரும், ஈவென்ட் மட்டும் யாரும் கேக்காம தானா வரும். நமக்கு முக்கியமானது "ஸ்டாப்டு"ன்னு வர்ற ஈவென்ட். அதுக்குள்ள எந்த த்ரெட் (ப்ரோக்ராமுக்குள்ள தனியா ஓடுற ஒரு இழை) நின்னுச்சு, ஏன் நின்னுச்சுங்கற காரணமும் இருக்கும்: பிரேக்பாயிண்ட், ஸ்டெப், எக்ஸெப்ஷன், பாஸ், என்ட்ரி.

இப்ப எக்ஸ்டென்ஷன் பக்கம். விஎஸ் கோட் ஏபிஐல (எக்ஸ்டென்ஷன் எடிட்டரை கூப்பிடுற ஃபங்ஷன் தொகுப்பு) டிபக்னு ஒரு பகுதி, அதாவது நேம்ஸ்பேஸ், இருக்கு, தேவையானது எல்லாம் அதுலயே இருக்கு. ஆரம்பிக்க ஸ்டார்ட்டிபக்கிங். அதுக்கு டிபக் செட்டிங் எழுதி வைக்கிற லான்ச் ஜேசன் ஃபைல்ல இருக்கிற கான்ஃபிகரேஷன் பேரை குடுக்கலாம், இல்ல கான்ஃபிகரேஷனையே ஒரு ஆப்ஜெக்டா குடுக்கலாம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா அதுக்குள்ள உங்களுக்குன்னு ஒரு தனி கீ சேத்து விட்டுடலாம், செஷன் ஆரம்பிச்சதுக்கப்புறம் செஷனோட கான்ஃபிகரேஷன்ல அந்த கீ இருக்கான்னு பாத்து "இது நான் ஆரம்பிச்ச செஷன், யூசர் கையால ஆரம்பிச்சது இல்ல"ன்னு பிரிச்சுக்கலாம். இதை பண்ணாம விட்டா யூசர் பக்கத்துல வேற எதையோ டிபக் பண்ணும்போது உங்க எக்ஸ்டென்ஷன் அதுக்குள்ள போய் கன்டினியூ அனுப்பிக்கிட்டு இருக்கும், பாவம் அவருக்கு ஏன்னே புரியாது. ஸ்டார்ட்டிபக்கிங் ட்ரூன்னு திருப்பி குடுத்தா செஷன் ஆரம்பிச்சிடுச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். பிரேக்பாயிண்ட்ல நின்னாச்சுன்னு அர்த்தம் இல்ல.

பிரேக்பாயிண்ட் போட ஆட்பிரேக்பாயிண்ட்ஸ், எடுக்க ரிமூவ்பிரேக்பாயிண்ட்ஸ். சோர்ஸ்பிரேக்பாயிண்ட் கன்ஸ்ட்ரக்டர்லயே கண்டிஷன், ஹிட் கண்டிஷன், லாக் மெசேஜ் எல்லாம் குடுக்கலாம். இங்க வரி நம்பர்ல கவனம்: எடிட்டர் ஏபிஐல வரி சைபர்ல இருந்து ஆரம்பிக்கும், டிஏபி மெசேஜ்ல விஎஸ் கோட் 1ல இருந்து எண்ணும், ரெண்டையும் கலந்துட்டா ஒரு வரி தள்ளி நிக்கும், அந்த ஒரு வரி வித்தியாசத்துல வேரியபிளுக்கு இன்னும் மதிப்பே வந்திருக்காது. அப்புறம் நீங்க போட்ட பிரேக்பாயிண்ட் எல்லாத்தையும் ஒரு லிஸ்ட்ல வச்சு வேலை முடிஞ்சதும் எடுத்துடுங்க, ஏன்னா விஎஸ் கோட் பிரேக்பாயிண்டை வொர்க்ஸ்பேஸோட சேத்து ஞாபகம் வச்சுக்கும், நாளைக்கு திறந்தாலும் அங்கயே இருக்கும்.

போட்டதும் அது நிஜமாவே உக்காந்துடுச்சுன்னு நம்பிடாதீங்க. அடாப்டர் அதை வெரிஃபை பண்ணி சொன்னாதான் கணக்கு. அந்த மாட்யூல் இன்னும் லோட் ஆகலன்னா, இல்ல சோர்ஸ் மேப் (ஓடுற கோடை நீங்க எழுதின கோடோட பொருத்துற தகவல்) சரியில்லன்னா, வெரிஃபை ஆகாம சாம்பல் கலர் வட்டமா நிக்கும். செஷன்ல கெட்டிபக்ப்ரோட்டோகால்பிரேக்பாயிண்ட்னு ஒரு மெத்தட் இருக்கு, நீங்க போட்ட பிரேக்பாயிண்டை குடுத்தா அடாப்டர் அதுக்கு குடுத்த ஐடியும் வெரிஃபை ஆச்சாங்கற தகவலும் கிடைக்கும். ஸ்டாப்டு ஈவென்ட்ல எந்த ஐடி அடிச்சதுன்னு சில அடாப்டர் அனுப்பும், ரெண்டையும் ஒப்பிட்டு "இது என்னோடது, இது யூசரோடது"ன்னு பிரிக்கலாம்.

பிரேக்பாயிண்டை டிஏபி ரிக்வெஸ்டா நீங்களே நேரா அனுப்பாதீங்க. அந்த செட்பிரேக்பாயிண்ட்ஸ் ரிக்வெஸ்ட் ஒரு ஃபைல்ல இருக்கிற மொத்த லிஸ்டையும் மாத்தி எழுதுற ரிக்வெஸ்ட், ஒண்ணை மட்டும் சேக்கறது கிடையாது. நீங்க ஒண்ணை அனுப்பினா யூசர் அந்த ஃபைல்ல வச்சிருந்த மத்ததெல்லாம் அடாப்டர்ல அழிஞ்சிடும், ஆனா எடிட்டர் ஓரத்துல சிவப்பு வட்டம் அப்படியே தெரியும். நிக்கவே மாட்டேங்குதேன்னு மனுஷன் அரை நாள் தலையை பிச்சுக்குவார்.

சரி, நின்ன செய்தியை எங்க பிடிக்கிறது? இதுக்கு பதில் டிபக் அடாப்டர் ட்ராக்கர், என்னை கேட்டா இந்த ஏபிஐலயே ரொம்ப உபயோகமான பகுதி இதுதான், டாக்குமென்டேஷன்ல ஒரு ஓரமா கிடக்குறதால நிறைய பேர் பாக்கறதில்ல. ரெஜிஸ்டர்டிபக்அடாப்டர்ட்ராக்கர்ஃபேக்டரின்னு ஒரு ஃபங்ஷன், முதல் ஆர்க்யூமென்ட் டிபக் டைப், எல்லாத்துக்கும் வேணும்னா நட்சத்திரக் குறி. ஒவ்வொரு செஷனுக்கும் நீங்க ஒரு ட்ராக்கரை திருப்பி குடுத்தா, எடிட்டர்ல இருந்து அடாப்டருக்கு போறதும் அடாப்டர்ல இருந்து வர்றதும் எல்லா மெசேஜும் உங்க கண்ணு முன்னாடி போகும். அடாப்டர் அனுப்புறதை ஆன்டிட்சென்ட்மெசேஜ்ல பிடிக்கலாம். ட்ராக்கர் பாக்க மட்டும்தான், அது மூலமா எதையும் அனுப்ப முடியாது. அப்புறம் செஷன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், ஓடிக்கிட்டு இருக்கிற செஷனுக்கு பின்னாடி போய் ஒட்ட வைக்க முடியாது. கன்ட்ரோல் பண்ற கோட் ஒரு வரி எழுதுறதுக்கு முன்னாடி, எல்லா மெசேஜையும் ஒரு அவுட்புட் சேனல்ல கொட்டுற ட்ராக்கரை மட்டும் எழுதி, கையால டிபக் பண்ணி, எந்த பட்டனுக்கு என்ன போகுது என்ன வருதுன்னு உக்காந்து பாருங்க. எந்த டாக்குமென்டேஷனும் இந்த அளவுக்கு சொல்லித்தராது.

நின்னதுக்கப்புறம் படிக்கிறதுக்கு செஷனோட கஸ்டம்ரிக்வெஸ்ட். பேர்ல கஸ்டம்னு இருந்தாலும் டிஏபில இருக்கிற சாதாரண ரிக்வெஸ்ட் எல்லாத்தையும் இதுலயே அனுப்பலாம். வரிசை எப்பவும் ஒண்ணுதான்: ஸ்டாப்டு ஈவென்ட்ல வந்த த்ரெட் ஐடியை குடுத்து ஸ்டாக்ட்ரேஸ் (எந்த ஃபங்ஷன் எதை கூப்பிட்டு இங்க வந்துச்சுங்கற பட்டியல்) கேளுங்க, மேல இருக்கிற ஒரு ஃப்ரேம் (அந்த பட்டியல்ல ஒரு ஃபங்ஷன்) போதும்னா லெவல்ஸ் 1னு குடுங்க, அதுல ஃப்ரேம் ஐடி வரும். ஃப்ரேம் ஐடியை குடுத்து ஸ்கோப்ஸ் கேட்டா லோக்கல், குளோபல்னு பட்டியலும் ஒவ்வொண்ணுக்கும் வேரியபிள்ஸ்ரெஃபரன்ஸ்னு ஒரு நம்பரும் வரும். அந்த நம்பரை குடுத்து வேரியபிள்ஸ் கேட்டா பேரும் மதிப்பும் வரும், மதிப்புக்குள்ள இன்னும் ஆப்ஜெக்ட் இருந்தா அதுக்கு வேற ஒரு நம்பர், உள்ள ஒண்ணும் இல்லன்னா சைபர். இந்த நம்பர் எல்லாம் பேங்க்ல குடுக்குற டோக்கன் மாதிரி, அன்னைக்கு அந்த கவுன்ட்டருக்கு மட்டும்தான் செல்லும். ப்ரோக்ராம் மறுபடி ஓட ஆரம்பிச்ச அந்த நிமிஷமே ஃப்ரேம் ஐடியும் ரெஃபரன்ஸும் செல்லாம போயிடும், அதே ஃபங்ஷன்ல அதே வரில மறுபடி நின்னாலும் புதுசா கேட்டுத்தான் வாங்கணும். கேஷ் பண்ணி வச்சா ஒண்ணு எரர் வரும், இல்ல அதை விட மோசமா வேற ஏதோ ஒரு வேரியபிளோட மதிப்பு வந்து உங்களை தப்பான பக்கம் ஓட விடும்.

ஒரே ஒரு தொகைதான் வேணும்னா இவ்வளவு சுத்த வேண்டாம், ஃப்ரேம் ஐடி வாங்கி இவாலுவேட் ரிக்வெஸ்ட் ஒண்ணு போதும். எக்ஸ்ப்ரஷன், ஃப்ரேம் ஐடி, கான்டெக்ஸ்ட் மூணும் குடுக்கணும். ஃப்ரேம் ஐடி விட்டுட்டா குளோபல் ஸ்கோப்ல தேடும், லோக்கல் வேரியபிள் இல்லன்னு சொல்லும். திரும்பி வர்ற மதிப்பு எப்பவும் ஸ்ட்ரிங், அதுவும் மனுஷன் பாக்கறதுக்குன்னு சுருக்கின ஸ்ட்ரிங், பெரிய லிஸ்ட்டா இருந்தா நடுவுல மூணு புள்ளி வச்சு வெட்டிடும். அதனால டேட்டா முழுசா வேணும்னா எக்ஸ்ப்ரஷன்லயே அந்த மொழியோட ஜேசன் ஆக்குற ஃபங்ஷனை கூப்பிட்டு, வந்த ஸ்ட்ரிங்கை நீங்க பார்ஸ் பண்ணுங்க, அப்பவும் ரொம்ப நீளமா போனா வெட்டுப்பட வாய்ப்பு இருக்கு, அடாப்டர் கிளிப்போர்டுங்கற கான்டெக்ஸ்டை சப்போர்ட் பண்ணுதுன்னா அதை குடுங்க, வெட்டாம தர்றதுக்குன்னே இருக்கிறது அது. இவாலுவேட் நிஜமாவே உங்க ப்ரோக்ராமுக்குள்ள கோட் ஓட்டுது, இதை லேசா எடுத்துக்காதீங்க. பாக்க சாதாரண ப்ராப்பர்ட்டியா இருக்கும், அதோட கெட்டர் (மதிப்பை கேட்டா ஓடுற ஃபங்ஷன்) டேட்டாபேஸ்ல இருந்து லோட் பண்ணும், கவுன்ட்டர் ஏத்தும், லாக் பிடிக்கும். நீங்க பாத்ததாலேயே பக் மறைஞ்சு போற கேஸ் இப்படித்தான் வருது. பில்லிங் மாதிரி இடத்துல சாதாரண ஃபீல்டை படிங்க, மெத்தட் எதையும் கூப்பிடாதீங்க.

படிச்சாச்சு, இப்ப மறுபடி ஓட விடணும், இங்கதான் நுணுக்கம். ரெண்டு வழி. ஒண்ணு எடிட்டர் கமாண்ட், டிபக் கன்டினியூ, ஸ்டெப் ஓவர் எல்லாம் கமாண்டாவே இருக்கு, எக்ஸிக்யூட்கமாண்ட்ல கூப்பிடலாம். இன்னொண்ணு கஸ்டம்ரிக்வெஸ்ட்ல கன்டினியூன்னு நேரா அடாப்டருக்கே அனுப்பறது. கமாண்ட்ல போனா யுஐ சரியா இருக்கும், ஆனா அது எடிட்டர்ல எந்த த்ரெட் ஃபோகஸ்ல இருக்கோ அதுலதான் வேலை செய்யும், யூசர் கால் ஸ்டாக்ல வேற எதையாவது கிளிக் பண்ணியிருந்தா அது நகரும். போதாததுக்கு ட்ராக்கருக்கு செய்தி வர்ற நேரத்துல எடிட்டர் விண்டோவுக்கு அது இன்னும் போய் சேர்ந்திருக்காது, எக்ஸ்டென்ஷன் தனி ப்ராசஸ்ல ஓடுது இல்லையா, அதனால ஸ்டாப்டு பாத்த உடனே கமாண்ட் விட்டா யுஐ இன்னும் "ஓடுது"ன்னே நினைச்சுக்கிட்டு இருக்கும், கமாண்ட் வீணாயிடும். இந்த வழில போறீங்கன்னா ஆக்டிவ்ஸ்டாக்ஐட்டம் மாறுற ஈவென்டுக்கு காத்திருந்து அப்புறம் விடுங்க, அது வந்துச்சுன்னா யுஐ நின்ன ஃப்ரேமை பிடிச்சுடுச்சுன்னு அர்த்தம்.

நேரா அடாப்டருக்கு அனுப்பினா அந்த போட்டி இல்ல, த்ரெட் ஐடியும் நீங்களே குடுக்குறீங்க, ஃபோகஸ் பிரச்சினையும் இல்ல. ஆனா எடிட்டருக்கு நீங்க ஓட விட்டது தெரியாது. ஓட ஆரம்பிச்சா "கன்டினியூடு"ன்னு ஈவென்ட் வருமேன்னு கேப்பீங்க. ப்ரோட்டோகால்லயே எழுதியிருக்கு, கன்டினியூ மாதிரி ரிக்வெஸ்டுக்கு பதிலா அடாப்டர் அந்த ஈவென்டை அனுப்பணும்னு கட்டாயம் இல்லன்னு. கேட்டவனுக்குத்தான் ஓடுதுன்னு தெரியுமேங்கறது அவங்க கணக்கு, ஆனா கேட்டது எடிட்டர் இல்ல, நீங்க. சில அடாப்டர் அனுப்பும், சிலது அனுப்பாது, அனுப்பலன்னா அடுத்த தடவை நிக்கிற வரைக்கும் மஞ்சள் கோடு பழைய வரிலயே நிக்கும், யூசர் அதை நம்பி வேரியபிளை விரிச்சு பாத்தா எரர் வரும். என் அபிப்ராயம்: ஆயிரக்கணக்கான தடவை நின்னு ஓடுற உங்க மாதிரி கேஸுக்கு நேரா அனுப்பறது, யூசர் பாத்துக்கிட்டு இருக்கிற ஸ்டெப்பிங்குக்கு கமாண்ட்.

உங்க கேஸுக்கு ஓட்டம் இப்படி வரும்: ட்ராக்கர்ல ஸ்டாப்டு வந்துச்சு, காரணம் பிரேக்பாயிண்டான்னு பாக்கணும். எக்ஸெப்ஷன்னா கை வைக்காதீங்க, கண்ணை மூடிக்கிட்டு கன்டினியூ அனுப்பினா தேடிக்கிட்டு இருக்கிற தப்பே தாண்டி போயிடும். பிரேக்பாயிண்ட்னா ஃப்ரேம் வாங்கி தொகையை இவாலுவேட் பண்ணி, கடைசி இருபது மதிப்பு இருக்கிற ஒரு அரேல தள்ளுங்க. சைபருக்கு மேல இருந்தா கன்டினியூ. மைனஸ்னா ஸ்டாக் முழுசையும் வாங்கி எல்லா ஃப்ரேமோட லோக்கலையும் ஃபைல்ல எழுதிட்டு, கன்டினியூ அனுப்பாம அப்படியே விட்டுடுங்க. எடிட்டர்ல அந்த வரில ப்ரோக்ராம் நின்னுக்கிட்டு இருக்கும், கால் ஸ்டாக், வாட்ச் எல்லாம் உயிரோட இருக்கும், மீதியை நீங்க கையால பாக்கலாம். மெஷின் தேடிக் குடுக்கட்டும், யோசிக்கிறது நம்ம வேலையா இருக்கட்டும், இந்த பிரிவினைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ஒவ்வொரு தடவை நிக்கும்போதும் எடிட்டர் அந்த ஃபைலுக்கு தாவி கண்ணு கூசும், பிரேக் ஆனா விண்டோவை முன்னாடி கொண்டுவர்ற செட்டிங்கையும் எடிட்டருக்கு ஃபோகஸ் தர்ற செட்டிங்கையும் ஆஃப் பண்ணிட்டு ஓட விடுங்க.

ஆக்டிவ்டிபக்செஷனை கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க, இதுவும் நிறைய பேரை கடிக்கிற இடம். ஒரு ரன்னுக்கு ஒரு செஷன்தான்னு நாம நினைக்கிறோம், ஆனா நோட் ஜேஎஸ், க்ரோம் டிபக் பண்ற அடாப்டர் ஒரு பேரன்ட் செஷன் ஆரம்பிச்சு நிஜ வேலையை அதுக்கு கீழ சைல்ட் செஷன்ல பண்ணும், த்ரெட் எல்லாம் சைல்ட்லதான் இருக்கும். பைத்தான்ல சப்ப்ராசஸ் கிளம்பினாலும் அதுக்கு தனி சைல்ட் செஷன். ஸ்டார்ட்டிபக்கிங் முடிஞ்ச உடனே ஆக்டிவ் செஷனை எடுத்து ரிக்வெஸ்ட் அனுப்பினா பேரன்ட்கிட்ட போய் ஒண்ணும் கிடைக்காம திரும்பும். ட்ராக்கர் ஃபேக்டரிக்கு எந்த செஷன்னு ஆர்க்யூமென்ட்டாவே வருது, ஸ்டாப்டு எந்த செஷன்ல வந்துச்சோ அதுலயே பேசுங்க, நம்மோடதான்னு பாக்க பேரன்ட்செஷன் ப்ராப்பர்ட்டியை பிடிச்சு மேல ஏறிப் பாருங்க.

விஷுவல் ஸ்டுடியோல, அந்த பெரிய ஐடிஇல, இதே வேலை பண்றவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிடறேன். அங்க டிடிஇங்கற ஆட்டோமேஷன் மாடல் இருக்கு, காம் (விண்டோஸ்ல ஒரு ப்ரோக்ராம் இன்னொண்ணை கூப்பிடுற வழி) அடிப்படைல. அதுல டிபக்கர் ஆப்ஜெக்ட், கோ (ஓட விடற மெத்தட்), ஸ்டெப்ஓவர், பிரேக்பாயிண்ட்ஸ் ஆட், கெட்எக்ஸ்ப்ரஷன் எல்லாம் உண்டு. முன்னாடி மேக்ரோவாவே எழுதி ஓட்டலாம், 2012 வெர்ஷன்ல அந்த மேக்ரோ வசதியை எடுத்துட்டாங்க, இப்ப எக்ஸ்டென்ஷன் எழுதணும் இல்ல வெளில இருந்து தனி ப்ராசஸா ரன்னிங் ஆப்ஜெக்ட் டேபிள் (ஓடிக்கிட்டு இருக்கிற காம் ஆப்ஜெக்ட்களோட பட்டியல்) வழியா பிடிக்கணும். கோ மெத்தடுக்கு பிரேக் மோடு வர்ற வரைக்கும் காத்திருன்னு ஒரு பூலியன் குடுக்கலாம், சின்ன ஸ்கிரிப்டுக்கு அது சுகமா இருக்கும், ஆனா எக்ஸ்டென்ஷனுக்குள்ள இருந்து அப்படி காத்திருக்காதீங்க, மெயின் த்ரெட்டை கட்டி வச்ச மாதிரி ஆயிடும். டிபக்கர்ஈவென்ட்ஸ்ல பிரேக் மோடுக்குள்ள நுழைஞ்சா வர்ற ஈவென்டுக்கு ஹேண்ட்லர் போடுங்க, அந்த ஈவென்ட்ஸ் ஆப்ஜெக்டை கிளாஸ்ல ஒரு ஃபீல்டா வச்சுக்கங்க. லோக்கல் வேரியபிள்ல வச்சா கார்பேஜ் கலெக்டர் அதை எடுத்துட்டு போயிடும், கொஞ்ச நேரம் ஈவென்ட் வந்துட்டு திடீர்னு நின்னுடும். வெளில இருந்து பேசும்போது ஐடிஇ பிஸியா இருந்தா கால் ரிஜெக்டட்னு 80010001ல முடியுற எரர் வரும், அது உங்க கோட் தப்பு இல்ல, மெசேஜ் ஃபில்ட்டர் ஒண்ணு ரெஜிஸ்டர் பண்ணி திரும்ப முயற்சி பண்ண வைக்கணும்.

எடிட்டரே வேண்டாம், ராத்திரி சர்வர்ல ஓடி காலைல லாக் இருந்தா போதும்னா டிபக்கரையே நேரா ஸ்கிரிப்ட் பண்றதுதான் சுத்தம். சி, சி ப்ளஸ் ப்ளஸ் ஆளுங்களுக்கு ஜிடிபிக்குள்ள 2009ல வந்த 7.0 வெர்ஷன்ல இருந்தே பைத்தான் இருக்கு. பிரேக்பாயிண்ட் கிளாஸை இன்ஹெரிட் பண்ணி ஸ்டாப்ங்கற மெத்தடை எழுதினா, ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் அது கூப்பிடப்படும், ட்ரூ குடுத்தா நிக்கும், ஃபால்ஸ் குடுத்தா ஓடிடும். ஆனா அந்த மெத்தடுக்குள்ள இருந்து ஸ்டெப், கன்டினியூ எல்லாம் பண்ணக்கூடாது, டாக்குமென்டேஷன்லயே தெளிவா சொல்லியிருக்காங்க. மதிப்பை படிங்க, முடிவை திருப்பி குடுங்க, அவ்வளவுதான். நின்னதுக்கப்புறம் ஏதாவது ஓட்டணும்னா ஸ்டாப் ஈவென்ட்ல ஒரு ஃபங்ஷனை கனெக்ட் பண்ணி, அங்க இருந்து போஸ்ட்ஈவென்ட் மூலமா தள்ளி விடுங்க. எல்எல்டிபில ஒரு வசதி கூட, செட்அசிங்க்ல ஃபால்ஸ்னு வச்சுட்டா ஸ்டெப்ஓவர் முடிஞ்சு நின்னதுக்கப்புறம்தான் உங்க கோடுக்கு திரும்பும், அதனால நாலு ஸ்டெப்பை வரிசையா எழுதினா நாலும் நடக்கும், நீங்க எதிர்பார்த்த மாதிரியே.

வேகத்தை பத்தியும் சொல்லணும், இல்லன்னா ஓட விட்டுட்டு ஏன் இவ்வளவு மெதுவா போகுதுன்னு கேப்பீங்க. எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகை) மெஷின்ல சாஃப்ட்வேர் பிரேக்பாயிண்ட்னா அந்த இடத்துல இருக்கிற முதல் பைட்டை எடுத்துட்டு இன்ட்3ங்கற ஒரு பைட் இன்ஸ்ட்ரக்ஷனை வைக்கிறது. அங்க வந்ததும் ட்ராப் ஆகி கெர்னலுக்கு போய், கெர்னல் டிபக்கரை எழுப்பி, டிபக்கர் கண்டிஷனை பாத்து, பழைய இன்ஸ்ட்ரக்ஷனை ஒரு ஸ்டெப் ஓட்டி, மறுபடி இன்ட்3ஐ வச்சு, ஓட விடணும். ஜிடிபில கண்டிஷனல் பிரேக்பாயிண்ட் போட்டாலும் பொதுவா இந்த சுத்து முழுசும் நடக்குது, நிக்காம போற தடவையும் சேத்து. லட்சக்கணக்கான தடவை ஓடுற லூப்ல இதை வச்சா விடிஞ்சிடும், கண்டிஷனை முடிஞ்ச அளவுக்கு அடிக்கடி ஓடாத இடத்துக்கு தள்ளுங்க, இல்ல சோர்ஸ்லயே ஒரு இஃப் போட்டு அதுக்குள்ள பிரேக்பாயிண்ட் வைங்க. உங்க பைத்தான் கேஸ்ல டிபக்பை கண்டிஷனை அதே ப்ராசஸுக்குள்ளயே பாத்துடும், அதனால மைனஸ் கண்டிஷனை பிரேக்பாயிண்ட்லயே வச்சுட்டு ஹிஸ்டரிக்கு லாக்பாயிண்ட் போடறது, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி எக்ஸ்டென்ஷன்ல இருந்து கேக்கறதை விட நிறைய வேகமா போகும்.

கடைசியா ஒரு வழி பாக்கி இருக்கு, விஎஸ் கோட் இல்லாம நீங்களே அடாப்டர்கிட்ட டிஏபில பேசறது. இப்ப இது சுலபமாயிடுச்சு, டெல்வ்ல டிஏபி உண்டு, எல்எல்டிபிக்கு தனி டிஏபி ப்ரோக்ராம் உண்டு, ஜிடிபிலயும் 2023 டிசம்பர்ல வந்த 14வது வெர்ஷன்ல இருந்து உள்ளயே இருக்கு. மூணு விஷயத்துல கவனம். ஒவ்வொரு மெசேஜ் முன்னாடியும் கன்டென்ட் லெங்த் ஹெடர் அனுப்பணும், அது பைட் கணக்கு, எழுத்து கணக்கு இல்ல. பாத்லயோ ஸ்ட்ரிங்லயோ தமிழ் இருந்தா நல்லா தெரியும், தமிழ்ங்கற சொல் யுனிகோட்ல 5 குறியீடு, யூடிஎஃப்-8ல 15 பைட், ஸ்ட்ரிங் நீளத்தை அப்படியே அனுப்பினா அடாப்டர் பாதில படிப்பை நிறுத்திடும், அதுக்கப்புறம் ஒரு மெசேஜும் புரியாது. அடுத்தது, லான்ச் ரிக்வெஸ்ட் அனுப்பிட்டு அதோட பதிலுக்கு காத்திருக்காதீங்க. டிபக்பை மாதிரி சில அடாப்டர் கான்ஃபிகரேஷன்டன் (செட்டப் முடிஞ்சதுன்னு சொல்ற ரிக்வெஸ்ட்) வந்தாதான் லான்ச்சுக்கே பதில் சொல்லும், நீங்க லான்ச் பதிலுக்கு அப்புறம்தான் அதை அனுப்புவேன்னு உக்காந்தா ரெண்டு பேரும் எதிரெதிரா காத்துக்கிட்டே இருப்பீங்க. லான்ச்சை அனுப்பிட்டு, இனிஷியலைஸ்டு ஈவென்ட் வந்ததும் பிரேக்பாயிண்டை அனுப்பி, கான்ஃபிகரேஷன்டன் அனுப்பினா எல்லா அடாப்டரும் ஒத்துவரும்.

மூணாவது, போர்ட். டிசிபி போர்ட்ல அடாப்டரை ஓட விட்டா 127.0.0.1ல மட்டும் கேக்கட்டும், வேற மெஷின்ல இருந்து வேணும்னா எஸ்எஸ்எச் டனல் போடுங்க. டிஏபில பாஸ்வேர்ட் கிடையாது, கனெக்ட் ஆகறவன் இவாலுவேட் அனுப்பி உங்க ப்ராசஸ் என்ன பண்ண முடியுமோ அத்தனையும் பண்ணலாம். பில்லிங் சர்வர்ல ஓடுற ப்ரோக்ராம்னா அட்டாச் பண்ற (ஓடிக்கிட்டு இருக்கிற ப்ராசஸோட டிபக்கரை ஒட்டுற) வழியையே தவிர்த்துட்டு, அதே டேட்டாவை டெஸ்ட் மெஷின்ல வச்சு ஓட்டிப் பாருங்க. நின்னுக்கிட்டு இருக்கிற ப்ராசஸ் பிடிச்சு வச்சிருக்கிற டேட்டாபேஸ் லாக் விடாது, கவுன்ட்டர்ல ஆள் காத்துக்கிட்டு இருப்பாங்க.